கோகிலவாணியின் வலிக்காரர்

நவநீதனுக்குத் தன் மனைவி கோகிலவாணிமேல் சந்தேகம் எதுவும் கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவனுக்கு அவளைப் பற்றித் தெரியாதா? அவனுக்கு இருந்தது பொறாமை. அதையும் நேராகவே சொல்லிவிடலாம்: அவளுடைய வலியை இன்னொருவன் சுமக்கிறானே என்கிற பொறாமை. இதை வெளியில் சொன்னால் பொள்ளாச்சியே கைகொட்டிச் சிரிக்கும். அதனால் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெந்தான்.

வலி வந்த கதை சின்னது. அவளுக்கு இடது விலாவில் ஒரு கட்டி இருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்ததும் நவநீதன் தன் தேங்காய் மண்டியில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தான். தையல் பிரித்தார்கள், காயமும் ஆறியது, வலி மட்டும் கிளம்ப மறுத்துவிட்டது. எத்தனை படம் எடுத்துப் பார்த்தாலும் உள்ளே எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு டாக்டர் நரம்பு என்றார். இன்னொருவர் வாயு என்றார். மூன்றாமவர் யோகா செய்யச் சொன்னார். ஒருவர், "வீட்ல சும்மாவே இருக்கீங்களாம்மா?" என்று கேட்டு அவள் முகத்தைக் கூடப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதினார்.

எந்த டாக்டரிடம் போனாலும் பேசுவது நவநீதன்தான். மண்டியில் நாள் முழுக்கப் பேசிப் பழகிய வாய், ஆஸ்பத்திரியில் மட்டும் சும்மா இருக்குமா? "ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவும்மா?" என்று டாக்டர் கேட்பார். கோகிலவாணி வாயைத் திறப்பதற்குள், "ஆறுன்னு வெச்சுக்கங்க டாக்டர்" என்பான். தேங்காய்க்கு விலை பேசுகிற மாதிரிதான். பத்து என்றால் நம்பமாட்டார்கள், மூன்று என்றால் மருந்து தரமாட்டார்கள், ஆறுதான் நியாயமான விலை என்பது அவன் கணக்கு. அவளும் தலையை ஆட்டிவிடுவாள். தப்பித் தவறி அவளையே நேரடியாகக் கேட்டுவிட்டால் "பரவால்லீங்க" என்பாள். காலில் வண்டிச் சக்கரம் ஏறினாலும், விசாரித்தவர் மனம் நோகக் கூடாதே என்று பரவாயில்லை சொல்கிற ஊர் அது.

இப்படி ஆறு வருடம் போன பிறகுதான் கோயம்புத்தூரில் புதிதாக வந்த வலி மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். அங்கே இருந்த டாக்டர் ஹம்சவேணி, நவநீதன் பேச ஆரம்பித்ததுமே கையை உயர்த்தினார்.

"நீங்க செத்த நேரம் கம்முனு இருங்க. நீங்களும் பேச வேண்டாம், உங்க சம்சாரமும் பேச வேண்டாம். வலி எந்தப் படத்துலயும் விழுகாது. வாயில சொல்லித்தான் தெரியணும். ஆனாச் சொல்றதுக்கு வார்த்தை பத்தறதில்லை. அதனால சொல்ற வேலையே வேண்டாம்னு வெச்சுட்டோம்."

மேசைமேல் இரண்டு தலைப்பட்டைகளை எடுத்து வைத்தார். பார்க்க முடி கலையாமல் இருக்கப் பெண் பிள்ளைகள் போட்டுக்கொள்கிற பட்டை மாதிரியே இருந்தன.

"ஒண்ணை இவங்க கட்டிக்குவாங்க. பக்கத்து ரூம்ல எங்க ஆள் ஒருத்தர் இன்னொண்ணைக் கட்டிக்குவார். இவங்களுக்கு வலிக்கறது அப்படியே அவருக்கு வலிக்கும். எந்த வலி எப்படிப்பட்டதுன்னு பிரிச்சுச் சொல்லப் படிச்சவர் அவர். முதுகுத்தண்டுகிட்ட ஒரு சின்னக் கருவி வெப்போம். அவர் சொல்றதை வெச்சு வாராவாரம் அதைத் திருத்திக்கிட்டே வருவோம். கொஞ்சம் கொஞ்சமா வலி எறங்கும்."

"ஏனுங், அவருக்கு அப்பறம் வலி நிக்குங்களா?" என்று கேட்டாள் கோகிலவாணி. ஆறு வருடத்தில் டாக்டர் அறையில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பட்டையைக் கழட்டுனா நின்னுருங்க."

"அப்பச் சரிங்."

அந்த ஆளின் பெயர் இசக்கிராஜா. திருநெல்வேலிப் பக்கம். வயது முப்பது இருக்கும். அவனுடைய வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் வலியுணர்வாளர்; வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது வலிக்காரர். முதல் நாள் நவநீதனும் கோகிலவாணியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் முதலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு இசக்கிராஜா பேசினான்.

"அக்கா, இது எரிச்சல் கிடையாது. ஈரத்துணிய முறுக்கிப் பிழியுத மாதிரி இருக்கு. முறுக்குதப்பக் கூடத் தாங்கிரலாம். விடுதப்பதான் உசுரு போவுது. இதோட எப்படிக்கா இத்தன வருசம் நடமாடுனீங்க?"

கோகிலவாணி அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, சேலைத் தலைப்பை நனைத்து அழுதாள். "அதேதானுங்க தம்பி, அதேதான், விடறப்பதான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நவநீதனுக்குச் சுருக்கென்றது. ஆறு வருடமாக ஒவ்வொரு டாக்டரிடமும் "எரியுதுங்க" என்று சொல்லிவந்தவன் அவன். ஒரு தடவையாவது அவள் "எரியலீங்க, பிழியுது" என்று சொல்லியிருக்கலாமே. யாரோ ஒருவனிடம், முகம் தெரியாத ஒருவனிடம், ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாளே.

இரண்டாம் வாரத்திலிருந்து நவநீதனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் அவளை இறக்கிவிட்டு மார்க்கெட் வேலைகளை முடித்துக்கொண்டு வருவான். அவன் வந்ததும் முன்மேசைப் பெண் உள்ளே மணி அடிப்பாள். "அக்கா, அண்ணாச்சி வந்துட்டாங்க" என்று இசக்கிராஜா ஒலிபெருக்கியில் சொல்வான். கொஞ்ச நேரத்தில் கோகிலவாணி சேலையைச் சரிசெய்துகொண்டு சிரித்த முகமாக வெளியே வருவாள்.

சிகிச்சை நன்றாகவே வேலை செய்தது, அதை மறுக்க முடியாது. இரவில் தூங்கினாள். மாடிப்படி ஏறினாள். ஆனால் காரில் திரும்பும்போது எல்லாம் இசக்கித் தம்பி புராணம்தான். "இசக்கித் தம்பி சொன்னாருங்க, மழை வாரதுக்கு முன்னாடியே எனக்குக் கூடுதாமா." "அந்தத் தம்பிக்கு என்ற வலிதான் ரொம்பப் பேஜாரான வலியாமா, இந்த மையத்துலயே." இதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை வேறு. நவநீதன் ஸ்டியரிங்கை முறுக்கினான்.

ஒரு புதன்கிழமை மண்டியிலிருந்து வந்தவனுக்கு வாசலிலேயே வாசம் அடித்தது. கோகிலவாணி அடுப்பு முன்னால் நின்று, அரிசியும் வெல்லமும் அரைத்துக் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் எண்ணெய்ச் சட்டி வைத்ததே இல்லை. நவநீதனுக்குச் சந்தோஷம் பொங்கியது. தட்டில் இருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.

"ஏனுங், ரெண்டுக்கு மேல எடுக்காதீங்க. தம்பிக்குக் கொண்டுபோகோணும்."

வாயில் போட்டதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த இரவே முடிவு செய்துவிட்டான். அடுத்த நாள் டாக்டரிடம் போய், "எதுக்குங்க வேத்து ஆளு? நானே பட்டையைக் கட்டிக்கறன். என்ற பொண்டாட்டி வலி எனக்குத் தெரியாதா?" என்றான்.

"சொந்தக்காரங்களுக்குக் கட்டறது பலிக்கறதில்லைங்க" என்றார் டாக்டர். "வலி உள்ளவங்க இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா பட்டையில பாதி கூட வராது. உடம்பைத் தளர்த்தி விட்டாத்தான் வலி அந்தப் பக்கம் போகும். வேண்டியவங்களுக்கு வலிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா யாருமே விடறதில்லை."

"என்ற சம்சாரம் விடுவா."

பேசிப் பேசியே ஒரு தடவைக்குச் சம்மதம் வாங்கினான். பட்டையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். விலாவில் ஏதோ லேசாகச் சுருக்கியது. உடம்பு முழுக்க ஒரு இறுக்கம், அவ்வளவுதான். தலைவலி மாத்திரை போட்டால் போய்விடும்போல இருந்தது. நேரம் முடிந்ததும் கோகிலவாணி வியர்த்துப்போய் வெளியே வந்து, "ரொம்ப வலிச்சுதுங்களா?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை உருவிக்கொண்டான். டாக்டர் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் அவன் மனம் அதைத் தன் விருப்பத்துக்கு வளைத்துக்கொண்டது. அந்த இசக்கிக்கு விட்டவள் எனக்கு ஏன் விடவில்லை? பொறாமைக்காரனுக்கு விளக்கம் சொன்னால் அதிலும் அவனுக்கு ஒரு குத்து இருக்கும்.

மையத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. மறுநாள் தனியாக வந்து, முன்மேசையில் அடையாளம் கேட்டுக்கொண்டு, இசக்கிராஜா டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தான். சண்டை போடத்தான் வந்தான். வாயைத் திறந்ததும் கெஞ்சல்தான் வந்தது.

"தம்பி, ஒரே ஒரு தடவை. உங்க பட்டையை நான் கட்டிக்கறன். பேசறது நீங்களே பேசுங்க. அந்தப் பக்கம் நீங்கதான்னு அவ நெனைச்சுக்கட்டும்."

"வேல போயிரும் அண்ணாச்சி."

"போகாது. யாருக்கும் தெரியாது."

"வேலைய விடுங்க. அக்காகிட்டக் கேக்காம அவங்க உடம்புக்குள்ள நீங்க நுழையுததுக்குப் பேரு என்ன?"

நவநீதனுக்குப் பதில் தெரிந்திருந்தது, அதனால் சொல்லவில்லை. "நீங்க வாராவாரம் நுழையறீங்களே" என்றான்.

இசக்கிராஜா டீயைக் குடித்து முடித்தான். அவன் மறுத்துவிட்டு எழுந்து போவான் என்றுதான் நவநீதன் நினைத்தான். அவனோ காலி டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு, "நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல அண்ணாச்சி. வியாழக்கிழமை பின்பக்கக் கதவு வழியா வாங்க" என்றான். அது என்ன பேச்சு என்று நவநீதன் கேட்கவில்லை. காரியம் ஆயிற்றே.

வியாழக்கிழமை அவளை இறக்கிவிட்டுக் காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, தேங்காய் திருட வந்தவன் மாதிரி பின்பக்கமாக நுழைந்தான். சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு மைக். இசக்கிராஜா பட்டையை அவன் நெற்றியில் கட்டி, ஒரு துண்டை மடித்துக் கையில் கொடுத்தான். "கடிச்சுக்கிடுங்க. சத்தம் போட்டிராதீங்க" என்று கிசுகிசுத்துவிட்டு மைக் பக்கம் குனிந்தான்.

"அக்கா, ஆரம்பிக்கலாமா?"

"விட்றட்டுங்களா தம்பி?" என்றது கோகிலவாணியின் குரல். எவ்வளவு நிம்மதியான குரல். அவனிடம் அவள் அந்தக் குரலில் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"விடுங்கக்கா."

அவள் விட்டாள்.

நவநீதன் துண்டைக் கடித்தான். விலாவுக்குள் ஒரு கை புகுந்து முறுக்கியது. அது முதுகுவரை போய்த் தொடைவரை இறங்கியது. போதும் போதும் என்று அவன் நினைத்தபோது முறுக்கு தளர்ந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. சட்டையைக் கிழித்து எறிய வேண்டும்போல இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. சிகிச்சைக்குப் பிறகு குறைந்துவிட்ட வலி இது. அப்படியானால் குறைவதற்கு முன்னால்? அந்த வலியோடுதான் அவள் அவனுக்குச் சோறு போட்டாள், அவன் தங்கை கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரை சனத்தையெல்லாம் கவனித்தாள், புகைப்படத்தில் சிரித்தாள். அந்த வலிக்குத்தான் அவன் ஆறு என்று விலை வைத்தான்.

இசக்கிராஜா அவன் முகத்தைப் பார்த்தே அவளிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டும், கருவிக்கான எண்களைக் குறித்துக்கொண்டும் இருந்தான். கடைசியில் நவநீதனை ஒரு மாதிரி பார்த்தான். முன்மேசை மணி அடிக்காமலேயே, மைக்கில் வழக்கம்போலச் சொன்னான்.

"அக்கா, அண்ணாச்சி வந்துட்டாங்க."

அப்போது நடந்தது நவநீதன் எதிர்பார்க்காதது. வயிறு உள்ளே இழுத்தது. தாடை கெட்டிப்பட்டது. மூச்சு பாதியாகச் சுருங்கியது. பொங்கி வருகிற பாலை மூடி போட்டு அமுக்குகிற மாதிரி, அவள் வலி மொத்தத்தையும் பிடித்து உள்ளே தள்ளினாள். பட்டையில் வலி குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அதைத் தள்ளிப் பிடித்திருக்கிற பாடு இருக்கிறதே, அது வலியைவிடப் பெரியதாக இருந்தது. உடம்பில் ஒரு இடம் பாக்கியில்லாமல் இறுகியது. இந்த இறுக்கம் அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் பட்டை கட்டியபோது நேரம் முழுக்க இதைத்தான் உணர்ந்தான், லேசான வலி என்று நினைத்து எழுந்து போனான்.

இசக்கிராஜா பட்டையைக் கழற்றினான். மைக்கை அணைத்தான். நவநீதன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

"எனக்காகவா தம்பி? என்னைப் பாக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் இப்படியா?"

"ஒவ்வொரு தடவையும்."

"நான் இப்பவே போய்ச் சொல்லிடறன். இனி என்கிட்ட ஒளிக்காதேன்னு சொல்றன்."

"சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அப்புறம் இந்தச் செவுத்துக்கு அங்கிட்டு யாரு இருக்கான்னு ஒவ்வொரு வாரமும் யோசிப்பாங்க. யார்கிட்டயும் விடமாட்டாங்க. பழையபடி ஆயிரும் அண்ணாச்சி." இசக்கிராஜா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேசாம நான் போயிருதேன். மதுரையில ஒரு மையம் கூப்பிடுதாங்க. வேற ஆள் வருவாங்க."

இந்த ஆள் போய்த் தொலையமாட்டானா என்று வாராவாரம் வேண்டிக்கொண்டவன் நவநீதன். இப்போது எழுந்து வழியை மறித்தான். "போயிராதீங்க தம்பி. உங்ககிட்டத்தான் அவ விடறா. வேற ஆள் பழக எத்தனை மாசமாகுமோ. அதுவரைக்கும் அவ என்ன பண்ணுவா?"

"நான் இருக்கக் கூடாது. பேக்கரியில சொன்னேன்லா, யோக்கியன் இல்லன்னு." இசக்கிராஜாவின் காது மடல் சிவந்தது. "முன்மேச மணி அடிச்சதும் நான் பட்டையக் கழட்டிறணும், அதான் சட்டம். அப்புறம்தான் நீங்க வந்ததச் சொல்லணும். நான் கழட்டுததில்ல. முதல்ல சொல்லுவேன். அவங்க உங்களுக்காக அமுக்கி முடிக்குத வரைக்கும் இருந்துட்டுத்தான் கழட்டுவேன்."

"எதுக்கு?"

"வேற வேற ஊர் மையத்துல பத்து வருசமா ஊரான் வலியச் சுமக்கேன். எல்லாரும் என்கிட்ட அப்படியே கொட்டுதாங்க. கூலிக்காரன்கிட்ட எதுக்கு மறைக்கணும்? ஆனா எனக்கு மனசு நோகக் கூடாதேன்னு ஒருத்தரும் ஒரு வலிய அமுக்குனது கிடையாது. எங்க வீட்லயும் ஆள் இல்ல. அது எப்படி இருக்கும்னு எனக்கு உங்க வீட்டு அக்காகிட்டதான் தெரிஞ்சுது. வாரம் ஒருதடவ, ரெண்டு நிமிசம். அவ்வளவுதான் அண்ணாச்சி."

நவநீதன் துண்டை மடித்து மேசைமேல் வைத்தான். இரக்கம் வந்தது, வரவில்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் இரக்கத்தை முந்திக்கொண்டு இன்னொன்று வந்தது. அவனுக்கென்று அவள் செய்கிற ஒன்று, அவனுக்கே தெரியாத ஒன்று, அதையும் இவன் வாராவாரம் எடுத்துக்கொண்டிருக்கிறான். வலியையாவது மருந்துக்காகக் கொடுத்தாள். இதை யார் கொடுத்தார்கள்?

"நீங்க இருங்க தம்பி" என்றான். குரல் மண்டிக் குரலாகிவிட்டது. "வலி மொத்தமும் உங்களுது. அதுல நான் இனி தலையிடமாட்டன். கச்சாயம் கூட எடுத்துக்கங்க. ஆனா நான் வந்ததை நீங்க சொல்லக் கூடாது. பட்டையைக் கழட்டி மேசைமேல வெச்சப்பறம் முன்மேசைப் புள்ள சொல்லட்டும். அது என்னுது."

இசக்கிராஜா சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அதற்கடுத்த வியாழக்கிழமை நவநீதன் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டான். வலிக்காரர் வெளியே வந்த பிறகு சொன்னால் போதும் என்று முன்மேசையில் சொல்லிவிட்டு நடையில் காத்திருந்தான். உள்ளே இருந்து கோகிலவாணியின் முனகல் கேட்டது, பிறகு ஒரு சின்ன அலறல். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடவில்லை. இரண்டு கையையும் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நின்றான். சத்தம் அடங்கியதும் பக்கத்து அறைக் கதவு திறந்தது. இசக்கிராஜா நெற்றியில் பட்டைத் தடத்தோடு, முகம் வெளுத்து வெளியே வந்து, வெறும் கைகளை விரித்துக் காட்டினான்.

"கோகிலவாணியம்மா, உங்க வீட்டுக்காரர் வந்துட்டாருங்க" என்று முன்மேசைப் பெண் சொன்னாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. மூச்சு ஒன்று உள்ளே இழுபட்டு நின்றது. வளையல் குலுங்கியது, தொண்டை கனைத்தது. நவநீதன் அசையவில்லை. அவள் எல்லாவற்றையும் அமுக்கி முடிக்கும்வரை, ஒவ்வொன்றையும் காதில் வாங்கிக்கொண்டு, கதவோடு ஒட்டி நின்றான். இது என்ன கேவலமான சந்தோஷம் என்று அவனுக்கே தோன்றியது. தோன்றியும் நின்றான்.

இசக்கிராஜா நடையின் கோடிவரை போய்விட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நவநீதனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை மாதமாக அவனும் வெளியே நின்று இந்தக் கதவை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.